பாதிக் கட்டில்

பேய்க் கதை என்றால் இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு நாற்பதுக்கு. ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுடிதார்கள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. கீழே குழாயடியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சாதாரண மதியத்தில்தான் அது என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நம்பாதவர்களை நம்ப வைக்க என்னிடம் எதுவும் இல்லை. இதற்கு டாக்டர் சொன்ன விளக்கம் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த விளக்கம் சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகும் ரோட்டில் ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். டிகிரி முடித்த கையோடு அங்கே நைட் ஷிப்டில் சேர்ந்தேன். ஹாஸ்டல் மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. மாடியில் நீளமான ஹால், வரிசையாக இரும்புக் கட்டில்கள். ஆட்கள் அதிகம், கட்டில் குறைவு. அதனால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்ட்காரி எழுந்து போனதும் நைட் ஷிப்ட்காரி படுப்பாள். அந்த மெத்தைகள் சூடு ஆறி நான் பார்த்ததே இல்லை.

என் கட்டிலில் இன்னொரு ஆள் யுவராணி. சின்னாளப்பட்டிப் பெண், என் வயதுதான். "உன் சூட்டுல நான் படுக்குறேன், என் சூட்டுல நீ படுக்குற. கட்டிக்கிட்டவங்ககூட இம்புட்டு ஒத்துமையா இருக்க மாட்டாங்கடி" என்று கிண்டல் செய்வாள். வேலைக்குப் போகும்போது என் தலையணையைத் தட்டி, சரிசெய்து வைத்துவிட்டுப் போவாள்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் இருந்தது. தூங்குகிறவளைத் தொட்டு எழுப்பக் கூடாது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து விழுந்தவளைத் திடீரென்று தொட்டால் பதறி அடித்துவிடுவாள். அதனால் அவரவர் டிரங்குப் பெட்டிச் சாவியால் கட்டில் காலில் தட்டுவோம். சாவி எல்லோர் கழுத்திலும் கயிற்றில் தொங்கும். கண்ணைத் திறக்காமலே வந்தது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஆளுக்கு ஒரு கணக்கு. என்னுடையது ஒரு தட்டு. யுவராணிக்கு இரண்டு.

விடிகாலை ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து நான் ஒரு தட்டு தட்டுவேன். "பாதி எடுத்துக்கோ" என்று முனகிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் ஒதுங்குவாள். அவள் வேலைக்கு எழுந்து போகும் வரை முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருப்போம். சாயங்காலம் அவள் வந்து இரண்டு தட்டு தட்டுவாள். பாதி எடுத்துக்கோ என்று இப்போது நான் சொல்வேன். தூக்கத்திலேயே வாய் தானாகச் சொல்லிவிடும்.

எனக்குத் தூக்கம் எப்போதும் சரியாக வந்ததில்லை. லைப்ரரியில் இருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வருவேன். பனி கொட்டும் ஊர்கள், நாள்கணக்கில் ஓடும் ரயில்கள். தூங்க வேண்டிய காலை நேரத்தில் அந்த ரயிலில் ஏறிப் பத்து மணி வரை போய்க்கொண்டிருப்பேன். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளைத் தாண்டி வெளிச்சம் அடிக்கும். கீழே சமையலறையில் கிரைண்டர் ஓடும். மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிது. இரவில் நூல் அறுந்த இடங்களைத் தேடி வரிசை வரிசையாக நடக்கும்போது கண் சொருகும்.

போன வருடம் சித்திரை மாதம். நல்ல வெயில். மல்லாந்து படுத்திருந்தேன்.

முதலில் சாவிச் சத்தம்தான் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

என் கட்டில் காலில். யுவராணி அதற்குள் வந்துவிட்டாளா என்று கண்ணைத் திறந்தேன். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. யுவராணி மில்லில் இருக்கும் நேரம். அதுவும் இல்லாமல், அவளுக்கு இரண்டு தட்டுதானே?

எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். எழ முடியவில்லை. கை வரவில்லை, கால் வரவில்லை, கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் வேலை செய்தது. தலைமாட்டுப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. பார்க்க முடியவில்லை, ஆனால் தெரிந்தது. தேங்காய் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மேல் அடிக்கும் அதே வாசனை.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலது கைச் சுண்டுவிரல் திடீரென்று அசைந்தது. உடனே மொத்த உடம்பும் என்னிடம் திரும்பி வந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமைகளில் நஸீரா டாக்டர் மில்லுக்கு வருவார். அவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பைப் பூட்டி வைக்கிறது, சில சமயம் பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது, அதன் பெயர் ஸ்லீப் பாராலிசிஸ் என்றார். தூக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் தவறித் தூங்குகிறவர்களுக்கும், மனதில் கவலையை வைத்துக்கொண்டு படுக்கிறவர்களுக்கும் அதிகம் வருமாம். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி, பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும், ஊரில் இதைத்தான் அமுக்குவான் என்கிறார்கள் என்றார்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. உனக்குத் தூக்கம் பத்தல. அம்புட்டுத்தான்."

கட்டில் தட்டுகிற சத்தம்கூட வருமா என்று கேட்டேன். தினமும் கேட்கிற சத்தம்தானே, அதைத்தான் மூளை எடுத்துப் போடும் என்றார். மல்லாந்து படுக்காதே, படுக்கையில் புத்தகம் வேண்டாம், ஒரே நேரத்துக்குப் படு, உடம்பு வராவிட்டால் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார் என்று சொல்லி அனுப்பினார்.

பெரிய நிம்மதியாக இருந்தது. புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒருக்களித்துப் படுத்தேன். ஒரு வாரம் எதுவும் வரவில்லை.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள்.

படுக்கும்போது மின்விசிறியை ஐந்தில் வைப்பேன். எழும்போது நான்கில் இருக்கும். எங்கள் கட்டிலுக்கு மேலே ஓடும் விசிறி அது, வேறு யாரும் அதைத் தொடத் தேவையில்லை.

தலைக்குக் குளித்துவிட்டுத்தான் படுப்பேன். தலையணையில் புதுப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

நான் சுவர்ப் பக்கம் படுத்திருப்பேன். விழிக்கும்போது வெளிப் பக்க மெத்தை அமுங்கிக் கிடக்கும். கை வைத்தால் சூடாக இருக்கும்.

யுவராணியிடம் சொன்னேன். "மூணாவதா ஒருத்திக்கு வாடகைக்கு விட்டுட்டியா? எனக்கும் பங்கு குடுத்துரு" என்று சிரித்தாள். அவளுக்கு எதுவும் வரவில்லையாம். அவள் தூங்குவது இரவில்.

மறுபடி மூன்று தட்டு ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருநாள் வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. ஒருக்களித்துப் படுத்தாலும் வந்தது. எப்போதும் அதே நேரம், இரண்டு நாற்பது. தூங்கப் பயந்து விழித்திருக்க ஆரம்பித்தேன். விழித்திருந்ததால் இரவில் நின்றபடியே தூங்கினேன். ஒரு இரவு அப்படி ஒரு நொடி கண்ணை மூடியதில் என் கை சுழன்றுகொண்டிருந்த மெஷின் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்து வரிசைக்காரி இழுத்துப் போட்டாள். ஆள்காட்டி விரல் நகம் மட்டும் போனது.

வார்டன் சுப்புத்தாய் அக்கா கட்டுப் போட்டுவிட்டார். பிறகு என் கையை விடாமல் சொன்னார்.

"அடுத்த தடவ நகத்தோட போகாது, அனிஷா. தூங்கு. இல்லன்னா ஊருக்குப் போ."

கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே மறுநாள் படுத்தேன். அன்று எனக்குப் பேயைவிட அந்த மெஷின்தான் பெரிய பயமாக இருந்தது. எப்படியாவது தூங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தூங்கினேன்.

டிங்... டிங்... டிங்...

கண் திறந்தது. கடிகாரம். இரண்டு நாற்பது.

உடம்பு இல்லை.

தலைமாட்டில் இருந்து அது நகர்ந்தது. வெறுங்காலின் சத்தம். தரையில் கால் ஒட்டி... எடுத்து... ஒட்டி... கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தது.

மின்விசிறியின் சத்தம் ஒரு படி குறைந்தது.

கட்டிலின் வெளி ஓரம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள். கம்பி கிறீச் என்றது.

சுண்டுவிரலை அசைக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு. கோபமான மூச்சு இல்லை. நெடுநேரம் நின்று களைத்துப்போன மூச்சு.

மறுபடி சாவி.

டிங்...

டிங்...

டிங்...

அந்தக் களைப்பு எனக்குத் தெரிந்த களைப்பு. அங்கேதான் நான் தப்புச் செய்தேன். பயந்த மனதுக்கு முன்னால் பழகிய வாய் முந்திக்கொண்டது. சத்தம் வந்ததா இல்லையா என்று தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

பாதி எடுத்துக்கோ.

மூச்சு நின்றது.

பிறகு, என் முதுகில்... இன்னொரு முதுகு வந்து ஒட்டியது.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கத்தைச் சின்ன வயதில்கூட நான் தூங்கியதில்லை. யுவராணி சாயங்காலம் வந்து இரண்டு தட்டு தட்டித் தட்டிச் சலித்துப்போய், வழக்கத்தை மீறி என் மேல் தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

அன்றில் இருந்து சத்தம் நின்றது. தினமும் நல்ல தூக்கம். இரவில் நூல் அறுந்தால் இரண்டு வரிசை தள்ளியிருக்கும்போதே கண்ணில் பட்டது. முகம் தெளிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நஸீரா டாக்டர் சந்தோஷப்பட்டார். வெளிப் பக்க மெத்தை மட்டும் தினமும் அமுங்கி, சூடாக இருந்தது. நான் கையை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. ஒருநாள் சுப்புத்தாய் அக்காவிடம், எங்கள் கட்டிலில் எனக்கு முன்னால் மூன்று தட்டு யாருக்காவது இருந்ததா என்று கேட்டேன். அப்போது மில் மூன்று ஷிப்ட் ஓடியது, ஒரு கட்டிலுக்கு மூன்று பேர், மூன்றாவது ஆள் மாயம்மாள் என்றார்.

"செத்துட்டாங்களாக்கா?"

"எவடி சொன்னா? சாணார்பட்டில நல்லாத்தான் இருக்கா. போன மாசம்கூட போன் பண்ணுனா. ஹாஸ்டல்ல எல்லாரும் எப்புடித் தூங்குறீங்கன்னு கேட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவள் எப்படிப் பேயாக முடியும்? டாக்டர் சொன்னதுதான் சரி. எங்கேயோ யாரோ அந்தப் பழைய மூன்று தட்டைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அவளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. சுப்புத்தாய் அக்காவிடம் நம்பர் வாங்கி, அவளிடமே வழி கேட்டுக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

மாயம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து நீக்கிக்கொண்டிருந்தாள். அந்த மில்லில் வேலை செய்கிறேன் என்று போனில் சொன்னது போதும் போல, யார், எவர் என்று எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

காப்பி கொடுத்தாள். மில் கதை பேசினோம். அங்கிருந்து வந்த பிறகு இரண்டு வருடமாகத் தூக்கமே இல்லாமல் செத்தேன், இப்போதுதான் ஒரு மாதமாக நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். பேசிக்கொண்டே எழுந்து போய் மின்விசிறியை ஒரு படி குறைத்தாள்.

"வேகமாச் சுத்துனா எனக்கு ஆகாது, பாப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் சாவி. டிரங்குப் பெட்டியை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளாம், சாவியைக் கழற்ற மறந்துவிட்டதாம்.

மதியம் நாம் தூங்கும்போது எங்கே போகிறோம் என்று யாருக்குத் தெரியும் என்றாள். இரண்டு வருடமும் தினம் மதியம் கண் அசந்தால் அந்த ஹாலில்தான் நிற்பாளாம். கையில் சாவி இருக்குமாம். கால் கடுக்குமாம். கட்டிலில் யாரோ படுத்திருப்பார்களாம். தட்டித் தட்டிப் பார்ப்பாளாம். அவர்கள் கண் மட்டும் திறந்திருக்கும், இடம் தர மாட்டார்களாம்.

நான் அவளிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். நகம் போன என் விரலைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ அங்கயே இருப்பேல்ல?"

ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினேன். யுவராணி ஷிப்ட் முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அம்மா என் தலையணைக்கு அடியில் ஜெபமாலையை வைத்தாள்.

வீட்டில் கிரைண்டர் இல்லை. ஷிப்ட் இல்லை. இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். தூக்கம் வரவில்லை. விடிய விடியப் புரண்டேன். மதியம் மட்டும் கண் அசரும். அசந்தால் ஒரே கனவு.

ஹால். செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல். கடிகாரம். கட்டிலில் போர்வைக்குள் யாரோ.

கால் கடுக்கிறது. கொஞ்சம் படுத்தால் போதும் என்று இருக்கிறது.

விழித்தால், என் கையில் பெட்டிச் சாவி. கயிறு கழுத்தில் இருக்கும், சாவி விரல்களுக்குள் இறுகியிருக்கும்.

கவலையினால் வரும் கனவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாயம்மாள் நம்பரில் இருந்து தினமும் போன் வந்தது. மதியத்தில்தான். நான் எடுக்கவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை மதியம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். கனவே இல்லை. அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். உடம்பு லேசாக இருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். காப்பியைக் கையில் வாங்கும்போது போன் அடித்தது.

யுவராணி. எடுத்தவுடன் திட்டினாள். நான் சொல்லாமல் போனதற்கு மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு. என் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் அவளைத்தான் நைட் ஷிப்டில் போட்டிருக்கிறார்களாம். தூக்கமே இல்லையாம், கண்ணெல்லாம் எரிகிறதாம்.

பிறகு குரலை இறக்கினாள்.

"வந்தவ ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எங்க வந்தேன்?"

"நடிக்காதடி. இன்னைக்கு மதியம். ஒரே ஒரு தட்டு. எனக்குத் தெரியாதா உன் தட்டு? கண்ணத் தொறக்கக்கூட முடியல எனக்கு. பாதி எடுத்துக்கோன்னேன். படுத்தியே."

டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். வாசல் கேட்டுல விசாரிச்சா யாரும் வரலங்குறாங்க. சரி, அத விடு. நீ படுத்ததுக்கு அப்புறம் ஒரு சத்தம் கேட்டுச்சுடி. மூணு தட்டு. விடாம தட்டிக்கிட்டே இருந்துச்சு. அது யாரு?"

என் நைட்டியின் முதுகுப் பக்கத்தில் இருந்து அம்மா எதையோ கிள்ளி எடுத்தாள். விரலில் வைத்து ஊதினாள்.

பஞ்சு.

"அனிஷா? இருக்கியா? எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்குடி. நானும் எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிரலாமான்னு பாக்குறேன்."

போய்விடு என்றுதான் சொல்ல நினைத்தேன். இன்றைக்கே போய்விடு, அந்தக் கட்டிலைத் திரும்பிப் பார்க்காதே என்று. போனால் அவளுக்கும் என்ன ஆகும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு என்ன ஆகும் என்பதும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு நான் தூங்கியிருந்தேன்.

"யுவா" என்றேன். "நீ அங்கயே இருப்பேல்ல?"

என் குரல் எனக்கே கேட்டது. ரொம்ப அக்கறையாக இருந்தது.